வசனம் ஏன் வலது பக்கம் போனது?

கேள்வி: தரமணியில் வசிக்கிறேன். 28 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறேன். மழை விடாமல் பெய்யும் ஓர் இரவில், பறக்கும் ரயில் நிலையத்தில் நடக்கும் கதை. நொடிக்கு 24 பிரேமில் எடுத்தது. ஒரு ஸ்டூடியோவில் 5.1 மிக்ஸ் செய்து, ஆறு சேனலையும் ஒரே வேவ் ஃபைலாக வாங்கி வந்தேன். அங்கே கேட்டபோது நிறைவாக இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் டிவிடியாக ஆதரிங் செய்தேன். அமெரிக்காவில் உள்ள அக்காவுக்கும் அனுப்ப வேண்டும் என்பதால் என்.டி.எஸ்.சி. முறையைத் தேர்ந்தெடுத்தேன்.

நண்பர் வீட்டு ஹோம் தியேட்டரில் போட்டுப் பார்த்தால் வசனம் முழுக்க முன் வலது ஸ்பீக்கரில் வருகிறது. சப்வூஃபரில் சத்தமே இல்லை. ரயில் வரும்போது பின் வலது ஸ்பீக்கர் கரகரக்கிறது. தொடக்கத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவு, போகப் போக விலகி, கடைசிக் காட்சியில் ஒலி ஏறக்குறைய ஒன்றரை நொடி முந்தி வருகிறது. எங்கள் வீட்டு டிவியில் போட்டாலோ மழை இரைகிறது, பேச்சு கேட்கவில்லை. அம்மா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே படம் பார்த்தார். மறுபடியும் மிக்ஸ் செய்ய வேண்டுமா? கையில் பணம் இல்லை.

பதில்: மிக்ஸைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் மிக்ஸ் முடிந்து, அது டிஸ்க் ஆகும் வழியில் நேர்ந்தவை. மூன்றுக்கும் மூன்று தனிக் காரணங்கள். மூன்றையும் வீட்டிலிருந்தே சரிசெய்யலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

முதலில், குறை டிஸ்க்கிலா, கேட்கும் இடத்திலா என்று பாருங்கள். புது கேபிள் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பும் முன், கடையில் வாங்கிய 5.1 படம் ஒன்றை அதே பிளேயரில் போடுங்கள். ரிசீவரின் முகப்பில் ‘டால்பி டிஜிட்டல்’ என்று வந்தால் ஆறு சேனலும் தனித்தனியாக வந்து சேர்கின்றன. ‘புரோ லாஜிக்’ என்று வந்தால் ரிசீவர் இரண்டு சேனலை வைத்துப் பின்பக்க ஒலியைத் தானே உண்டாக்குகிறது. அப்படியானால் பிளேயரின் ஆடியோ செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் ‘பி.சி.எம்.’ என்று இருக்கும். அதை ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றுங்கள். உங்கள் நண்பர் வீட்டில் பின் ஸ்பீக்கர் இரண்டும் வேறு வேறு ஒலி தருவதால், அங்கே குறை இருக்க வாய்ப்பில்லை.

வசனம் வலது பக்கம் போனதும், சப்வூஃபர் அடங்கியதும், பின் ஸ்பீக்கர் கரகரத்ததும் ஒரே தவறின் விளைவுகள். சினிமா மிக்ஸிங்கில் ஆறு சேனலை அடுக்கும் வழக்கமான வரிசை இது: முன் இடது, நடு, முன் வலது, பின் இடது, பின் வலது, சப்வூஃபருக்கான எல்.எஃப்.இ. வேவ் ஃபைலின் பொது வரிசையோ வேறு: முன் இடது, முன் வலது, நடு, எல்.எஃப்.இ., பின் இடது, பின் வலது. ஸ்டூடியோ முதல் வரிசையில் கொடுத்ததை ஒலியை டிவிடிக்கு ஏற்ப மாற்றும் உங்கள் என்கோடர் இரண்டாம் வரிசையாகப் படித்திருக்கிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள். இரண்டாம் இடத்தில் இருந்த நடுச் சேனல், அதாவது வசனம், முன் வலதுக்குப் போயிற்று. நான்காம் இடத்தில் இருந்த பின் இடது மழை சப்வூஃபருக்குப் போயிற்று. அந்தச் சேனலில் 120 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை என்கோடர் வடிகட்டிவிடுவதால் மழையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆறாம் இடத்தில் இருந்த ரயிலின் அடி அதிர்வு பின் வலதில் உள்ள சின்ன ஸ்பீக்கருக்குப் போயிற்று. அது தாங்குமா? கரகரக்கத்தான் செய்யும். இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். வலது பக்க மழை பின் இடதில் கேட்கும்.

நண்பர் வீட்டு ஸ்பீக்கர் வயரை மாற்றிச் செருகி இதைச் சமாளிக்கக் கூடாது. ஆறு சேனலையும் ஆறு தனி மோனோ ஃபைலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, என்கோடரில் அந்தந்த இடத்தில் பார்த்துச் செருகுங்கள். அதற்கு முன் ஒரு சோதனை டிஸ்க் செய்யுங்கள். உங்கள் குரலிலேயே ‘முன் இடது’, ‘நடு’, ‘முன் வலது’, ‘பின் இடது’, ‘பின் வலது’ என்று ஐந்து சேனலிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லுங்கள். எல்.எஃப்.இ.-யில் 50 ஹெர்ட்ஸ் முழக்கம் ஒன்றை வையுங்கள். ரீரைட்டபிள் டிவிடியில் எழுதிப் போட்டால், எந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்பதைக் காது உடனே சொல்லிவிடும். இனி எந்தப் படம் செய்தாலும் அந்த டிஸ்க் உதவும்.

அடுத்தது உதட்டசைவு. ஒலி விலகும்போது எவ்வளவு விலகுகிறது என்று அளந்தால் காரணம் தானாகத் தெரியும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு தள்ளியிருந்தால் ஃபைலை வைத்த இடம் தவறு. நிமிடத்துக்கு இரண்டரை நொடி அளவில் விலகினால் 24, 25 பிரேம் குழப்பம். நம் நாட்டு பி.ஏ.எல். முறைக்கு மாற்றும்போது அது வரும். குரல் கீச்சென்றோ கனத்தோ மாறினால் சாம்பிள் ரேட் தவறு: சிடி, விசிடி ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸ், டிவிடி ஒலி 48.

உங்களுடையது இவை எதுவுமில்லை. என்.டி.எஸ்.சி. டிஸ்க் நொடிக்கு 24 பிரேமை அப்படியே ஏற்காது. படத்தை 23.976-க்கு மெதுவாக்கிக்கொள்ளும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால் 28 நிமிடத்தில் அது 1.7 நொடி ஆகிவிடும். படம் மெதுவானது, ஒலி பழைய வேகத்திலேயே ஓடுகிறது, அதனால் முந்துகிறது. ஆறு ஃபைலையும் ஒரே தடவையில் 1001-க்கு 1000 என்ற விகிதத்தில் மெதுவாக்குங்கள். குரலில் மாற்றம் காதுக்குத் தெரியாது. காட்சிக்குக் காட்சி ஒலியை வெட்டி ஒட்டிச் சரிசெய்யலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். மழைச் சத்தம் ஒவ்வொரு வெட்டிலும் அறுபடும்.

மூன்றாவது, அம்மாவின் ரிமோட். இதற்குத்தான் அதிக அக்கறை தேவை; உங்கள் படத்தைப் பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் டிவியின் இரண்டு ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். அங்கே பிளேயர் 5.1 ஒலியை இரண்டு சேனலாக மடிக்கிறது. நடு ஸ்பீக்கரில் தனியே நின்ற வசனம், மழையும் இசையும் ஒலிக்கும் அதே இரண்டு ஸ்பீக்கரில் வந்து நெருக்குகிறது.

தியேட்டருக்காகச் செய்த மிக்ஸ் என்றால் இன்னொன்றும் சேரும். 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில் வந்தபோது பின்பக்கத்துக்கு ஒரே சேனல்தான். 5.1-ல் அது இரண்டானது. இரண்டும் சேர்ந்து பழைய அளவுக்கு வர வேண்டும் என்பதால் தியேட்டரில் திரைப் பக்க ஸ்பீக்கர்களை 85 டெசிபலுக்கும், பின்பக்கத்தின் ஒவ்வொரு சேனலையும் 82-க்கும் அமைக்கிறார்கள். வீட்டில் எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவு. ஆகவே உங்கள் மழை 3 டெசிபல் கூடுதலாகப் பெய்கிறது. என்கோடரில் சரவுண்டை, அதாவது பின்பக்கச் சேனல்களை, 3 டெசிபல் குறைக்கும் வசதி இருக்கும். மிக்ஸ் எந்த அளவில் செய்யப்பட்டது என்று ஸ்டூடியோவில் கேட்டுவிட்டு, தேவையானால் அதைப் போடுங்கள்.

‘டயல்நார்ம்’ என்ற எண்ணையும் பாருங்கள். வசனத்தின் சராசரி அளவு என்ன என்று பிளேயருக்குச் சொல்வது அது. பல என்கோடர்களில் மைனஸ் 27 என்று தானே நிற்கும். உங்கள் வசனத்தை மட்டும் லவுட்னஸ் மீட்டரில் அளந்து, வரும் எண்ணைப் போடுங்கள். பொய் எண் கொடுத்தால் ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பிளேயர் தவறான இடத்தில் அமுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு, ஸ்டீரியோ டிராக் ஒன்றையும் தனியே சேருங்கள். டிவிடியில் எட்டு ஒலி டிராக் வரை வைக்க இடமுண்டு. 5.1-க்கு 448 கிலோபிட், ஸ்டீரியோவுக்கு 192 கொடுத்தால் போதும். இந்த ஸ்டீரியோவில் மழையை நீங்களே தணித்து, வசனத்தை ஓரிரு டெசிபல் ஏற்றலாம். மெனுவில் ‘டிவி ஸ்பீக்கர்’, ‘ஹோம் தியேட்டர்’ என்று இரண்டு பொத்தான் வைத்து, டிவியை முதல் தேர்வாக்குங்கள்.

பிரதிகள் எழுதும் முன் படத்தை இதுவரை கேட்டிராத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். உங்கள் தரமணியிலேயே அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஒலிப்பதிவு படிக்கும் மாணவர் யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது. வசனம் உங்களுக்கு மனப்பாடம். கேட்காத சொல்லையும் உங்கள் காது நிரப்பிக்கொள்ளும், அவருடையது நிரப்பாது. எந்த வரி புரியவில்லை என்று அவர் சொல்கிறாரோ, ஸ்டீரியோ டிராக்கில் அந்த வரியை மட்டும் உயர்த்துங்கள்.

ஆறு மோனோ ஃபைலையும், சேனல் வரிசை, பிரேம் வேகம், சாம்பிள் ரேட் மூன்றும் எழுதிய சிறு குறிப்போடு இரண்டு தனி ஹார்ட் டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள். நாளை புளூரே செய்தாலும், திரைப்பட விழாவுக்கு அனுப்பினாலும், அந்தக் குறிப்பு இருந்தால் இந்தச் சிக்கல் திரும்ப வராது.