மகன் சதம் சதமாக அடிக்கிறான்!

கேள்வி: மாட்டுங்கா மைதானத்தில் பயிற்சி பெறும் என் மகன், பள்ளி ஆட்டங்களில் சதம் சதமாக அடிக்கிறான். படிப்பை நிறுத்திவிட்டு கிரிக்கெட்டிலேயே விட்டுவிடலாமா? (வாசகி, தாராவி)

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. பள்ளி ஆட்டத்தில் எதிரணி எப்போதும் ஒரே தரமாக இருக்காது. ரன் கணக்கு ஏமாற்றும். மும்பையில் மழைக்காலத்தில் நடக்கும் காங்கா லீக் கிரிக்கெட்டைப் பாருங்கள். ஈர ஆடுகளத்தில் பந்து திடீரென எழும்பும், நின்று வரும். அங்கே பெரியவர்களின் பந்தைப் பதறாமல், உடம்புக்கு அருகே வரவிட்டு, தாமதமாக ஆடுகிறானா? மும்பையின் நிஜமான பரீட்சை அதுதான். அப்படித் தேறியவருக்கும் உத்தரவாதம் கிடையாது. மும்பை பேட்ஸ்மேன் அமோல் மஜும்தார் ரஞ்சி கோப்பை அறிமுக ஆட்டத்திலேயே 260 ரன் அடித்தார். முதல்தர ஆட்டங்களில் 11,000 ரன்களைத் தாண்டினார். இந்தியாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. எவ்வளவு பெரிய அநியாயம்! மகன் ஆடட்டும், மனசார ஆடட்டும். பள்ளிக்கூடத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.