புதுப்பித்த பிறகும் பழையதே ஓடும்

மாணவர்களே, உங்கள் கணினிக் கழகத்தில் ராஸ்ப்பெரி பை இருக்கிறதா? அதில் வழக்கமாக ஓடுவது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். அதைப் புதுப்பிக்க 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் அப்கிரேட்' என இரண்டு கட்டளைகள் உண்டு. பெயரைப் பார்த்து, முதல் கட்டளையே எல்லாவற்றையும் புதுப்பித்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அது எதையும் நிறுவாது. எந்தெந்த மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் எடுத்து வந்து, அதன் மின்னொப்பம் சரியா என்று பார்க்கும். மென்பொருளை இறக்கி நிறுவுவது இரண்டாவது கட்டளைதான்.

அதோடு வேலை முடிந்துவிட்டதா? 2014 ஏப்ரல் 7ஆம் தேதி, 'ஹார்ட்பிளீட்' என்ற பிழை உலகுக்குத் தெரியவந்தது. இணைய உரையாடல்களை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரலகத்தில், 2012 முதல் அந்தப் பிழை இருந்துவந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு கணினி சிறு செய்தி ஒன்றையும் அதன் நீளத்தையும் அனுப்பும். எதிர்ப்பக்கம் அந்தச் செய்தியை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். சொல்லப்பட்ட நீளம் உண்மையா என்று ஓபன்எஸ்எஸ்எல் சோதிக்கவில்லை. ஒரே ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு நீளத்தைக் கூட்டிச் சொன்னால், நினைவகத்தில் பக்கத்தில் கிடப்பதையும் சேர்த்து, ஒரு தடவைக்கு ஏறக்குறைய 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், வழங்கியின் இரகசியச் சாவியும் இருக்கலாம்.

திருத்தம் அன்றே வந்தது. டெபியனும் அன்றே வெளியிட்டது. ஆனால் அதை நிறுவியதோடு நின்றுவிட்டால், ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த வழங்கி தொடர்ந்து கசியும்!

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் கோப்பின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. பெயர் என்பது உள்ளடக்கத்தைக் காட்டும் ஒரு சுட்டு மட்டுமே. புதுப்பிக்கும்போது அந்தப் பெயர் புதிய உள்ளடக்கத்தைச் சுட்டும். பழைய உள்ளடக்கமோ, அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரல் மூடப்படும்வரை அழியாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய நிரலகத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஓடும் நிரலை நிறுத்தாமலே கோப்பை மாற்ற முடிவது இதனால்தான். அருமையான வசதி, ஆனால் ஏமாற்றிவிடும். வழங்கி நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்கினால்தான் திருத்தம் அதற்குள் வரும். இயங்குதளத்தின் கருநிரல் மாறியிருந்தால், பொதுவாகக் கணினியையே மறுதொடக்கம் செய்ய வேண்டும். எந்த நிரல் இன்னும் பழையதைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி உண்டு.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வேண்டாத உரைக்கோப்பு ஒன்றை ஒரு முனையத்தில் 'டெயில்' கட்டளையால், தொடர்ந்து கவனிக்கும் 'எஃப்' தெரிவுடன் திறந்து வையுங்கள். இன்னொரு முனையத்தில் அந்தக் கோப்பை அழியுங்கள். கோப்புறையில் பெயர் இருக்காது. 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளை இட்டால், 'டெயில்' இருக்கும் வரியில் அதே பெயர், 'அழிக்கப்பட்டது' என்ற ஆங்கிலக் குறிப்போடு, இன்னும் நிற்கும்.