ஈரச் சமையற்கூடமும் மின்கசிவும்

குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசி, வடகரைப் பகுதி உணவகங்களின் சமையற்கூடத் தரை ஈரமாகவே இருக்கும். அங்கே கிரைண்டரில் மின்கசிவு ஏற்பட்டால், தொடுபவரின் உடல்வழியே மின்சாரம் நிலத்தில் இறங்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி., அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். இதயத் துடிப்பைக் குலைக்கவோ அதில் நூறில் ஒரு பங்கே போதும்.

ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே ஒரு நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். நாங்கள் எவ்வளவு விரைந்து சிகிச்சை அளித்தாலும் அதற்கு ஈடாகாது. அது அடிக்கடி விழுந்தால், இயந்திரத்தையும் வயரையும் மின்பணியாளரிடம் காட்டுங்கள். நேரடி இணைப்புக் கொடுக்கலாகாது. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எவரேனும் மின்தாக்குதலுக்கு ஆளானால், அவரைத் தொடுமுன் மெயினை அணைத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டுகிறோம்.