தேடினால் முதலில் வருவது எது?

தம்பி தங்கைகளே, பத்துமலையில ஏன் காவடி எடுக்கிறீங்கன்னு பள்ளி நண்பர் ஒருவர் கேட்டா, நம்மில் பலர் உடனே கூகுளைத்தான் திறப்போம். முதலில் வருவதே சரியான பதில்னு நினைச்சிடுறோம். அது எப்படி முதலில் வந்தது?

தேடுபொறி அந்த நிமிஷத்தில் இணையம் முழுக்க ஓடித் தேடுவதில்லை. அதன் தானியங்கி நிரல்கள் முன்கூட்டியே இணைப்பு இணைப்பாகச் சென்று பக்கங்களைப் படிக்கின்றன. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அட்டவணை போட்டு வைக்கின்றன. நாம் தேடுவது அந்த அட்டவணைக்குள்தான்.

அடுத்தது வரிசை. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது, மற்ற பக்கங்கள் இணைப்புக் கொடுக்கும் பக்கத்துக்குக் கூடுதல் மதிப்புத் தந்தார்கள். இன்று நம் மொழி, இருப்பிடம் போன்ற பலவும் கணக்கில் வருகின்றன. ஆக, முதலிடத்தில் இருப்பதாலேயே ஒரு தகவல் உண்மையாகிவிடாது.

பாட்டி சொன்ன விளக்கமும் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த கோயில் வரலாறும் அந்த அட்டவணையில் ஏறுவதில்லை. அதனால், அலகு குத்துவதை வேடிக்கை பார்த்துப் போன ஒருவர் எழுதியதே முன்னால் நிற்கலாம்.

இந்த வாரம் செய்து பாருங்க:

1. ஒரே கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்க.
2. எது விளம்பரம், யார் எழுதியது என்று கவனிங்க.
3. பெரியவங்ககிட்ட கேட்டு, உங்க கோயில் வரலாற்றை எல்லாரும் திறக்கக்கூடிய இணையப் பக்கத்தில் எழுதுங்க. அடுத்துத் தேடும் பிள்ளைக்கு அது கிடைக்க வழி உண்டு.