ஏற்றுவதும் எண்ணிப் பார்ப்பதும்

 

திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம், ஸூரத்துல் பகராவின் 282-வது வசனமாகும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியே அது பேசுகிறது. நாட்டுச் சட்டமும் இதை வற்புறுத்துகிறது. வரிக் கணக்குக்குரிய தஸ்தாவேஜுகளை மலேசியாவில் 7 ஆண்டுகளும், சிங்கப்பூரில் 5 ஆண்டுகளும் காத்து வைக்க வேண்டும்.

இன்று கடைக்கு வரும் ரசீதுகளிற் பல, சூட்டினால் எழுத்துப் பதியும் தாளில் அச்சாகின்றன. நாளடைவில் எழுத்து மங்கி அவை வெறுந்தாளாகிவிடும். ஆகவே நம்மவர் பலர் பில்களையும் பேரேடுகளையும் ஸ்கேன் செய்து, கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற கிளவுட் சேமிப்பில் ஏற்றி வருவது நல்ல காரியமே. கிளவுட் என்பது பிறருடைய பெரிய கணினிகளில் நாம் அமர்த்திக்கொள்ளும் கிடங்கு. கிடங்குக்குச் சரக்கு அனுப்பும் ஒழுங்கே இதற்கும் வேண்டும்.

முதலாவது, பெயர். ஸ்கேனர் தானாக இடும் பெயரை விட்டுவைத்தால் பின்னர் எதையும் தேடியெடுப்பது கஷ்டம். 2024-03-15 என ஆண்டு, மாதம், தேதியை முன்னே இட்டு, அதன்பின் சரக்கு அனுப்பியவர் பெயரையும் பில் எண்ணையும் சேர்க்க வேண்டும். கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும். தேதியினிடையே சாய்கோடு இடலாகாது. சாய்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி உள்ள பெயர்களை ஒன்டிரைவ் ஏற்பதில்லை.

இரண்டாவது, அளவு. பல்லாயிரம் கோப்புகளை ஒரே தடவையில் ஏற்றும்போது இணைப்பு அறுந்தால், எது சென்றது, எது நின்றது என்று தெரியாது. மாதத்துக்கு ஒரு கோப்புறையாகப் பிரித்து, ஒன்றைச் சரிபார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுக. இடத்தையும் முன்னரே கணக்கிடுக. ஒரு பக்கம் 500 கிலோபைட் எனில், 10,000 பக்கங்கள் 5 ஜிகாபைட் ஆகும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிகாபைட் வரைதான். ஜிமெயில் கடிதங்களும் படங்களும் அதற்குள்ளேயே அடக்கம். அது நிரம்பினால் கடிதம் வருவதும் நின்றுவிடும்.

மூன்றாவது, எண்ணிக்கை. கணினியில் 412 கோப்புகள் எனில் கிளவுடிலும் 412 இருக்க வேண்டும். குறைந்தால் விடுபட்டதைத் தேடுக. கூடினால் ஒன்றே இருமுறை ஏறியிருக்கலாம். கூகுள் டிரைவில் ஒரே பெயருடன் இரு கோப்புகள் இருக்க முடியும். அதன்பின் பத்துக்கு ஒன்றைத் திறந்து, தொகையும் தேதியும் படிக்கக்கூடியனவா என்று பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணினியையும் கிளவுடையும் 'சிங்க்' முறையில் இணைத்திருந்தால், கணினியில் அழிப்பது கிளவுடிலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி அதை 30 நாட்களே வைத்திருக்கும். எனவே தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதி அவசியம். கிளவுட் கணக்கும் குமாஸ்தாவின் சொந்தப் பெயரில் இருக்கலாகாது. கடையின் பெயரில் திறந்து, நம்பிக்கையான இருவர் அதன் கடவுச்சொல்லை அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு எனக் கேட்கலாம். ஒரு முதலாளி மௌத்தாகிவிட்டால், அவருடைய கடன்களைத் தீர்த்த பிறகே வாரிசுகள் சொத்தைப் பங்கிடலாம் என்பது மார்க்கச் சட்டம். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்ல அவர் இல்லை; தஸ்தாவேஜு ஒன்றே சொல்லும். விடுபட்ட ஒரு கோப்பு, கடன் கொடுத்தவருடைய ஹக்காக இருக்கலாம்; அனாதைப் பிள்ளையின் பங்காகவும் இருக்கலாம்.

ஆகவே சகோதரர்களே, எண்ணிக்கை சரியாகும்வரை ஒரு தாளையும் கிழிக்க வேண்டாம். சரியான பின்னரும் கணக்குத் தணிக்கையாளரைக் கலந்துகொண்டே மூலப் பத்திரங்களை அகற்றுவோமாக. அமானிதத்தைப் பேணும் வியாபாரிகளாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.