மேடைச் சிரிப்பும் திரைச் சிரிப்பும்

மேடையில் வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த நாடகம் திரைப்படமானால் பாதிச் சுவை போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கூற்று உண்மையே. ஆயினும் அப்படங்களை ஒதுக்கிவிடலாகாது என்பது என் துணிபு.

இங்கிலாந்தில் நடந்ததை முதலில் நோக்குவோம். இரண்டாம் உலகப் போர்க்கால ஊர்க்காவல் படையில் சேர்ந்த முதியவர்களை வைத்து, 'டாட்ஸ் ஆர்மி' என்னும் நகைச்சுவைத் தொடரை பி.பி.சி. 1968 முதல் 1977 வரை ஒளிபரப்பியது. படப்பிடிப்புக் கூடத்திலேயே பார்வையாளர் அமர்ந்திருப்பர். அவர்கள் சிரித்து ஓயும்வரை நடிகர் அடுத்த வசனத்தை நாவில் பிடித்துவைத்திருப்பார். 1971இல் இத்தொடர் திரைப்படமானபோது அந்தக் காத்திருப்பு இல்லாமற் போயிற்று. ஆனால், விலை மிகுந்த ஒளிநாடாக்களை அழித்து மறுபடியும் பயன்படுத்துவது அக்காலத்து பி.பி.சி.யின் வழக்கம். அதனால் தொடரின் மூன்று பகுதிகள் காட்சியாகக் கிடைக்கவில்லை. குறை சொல்லப்பட்ட படமோ முழுமையாக இருக்கிறது!

நம் சபா நாடகங்கள் பலவற்றுக்கு அழிப்பதற்கு நாடாவே இருந்ததில்லை. சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968இல் மேடையேறியது. 1971இல் அவரே இயக்கிப் படமாக்கினார். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் புதைந்த சுல்தான் உயிரோடு எழுந்து வந்ததாகச் சொல்லி ஒருவன் பிரதமராகிறான். மொழிச் சண்டையைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான். கட்சி மாறி வருவோரையெல்லாம் துணைப் பிரதமராக்குகிறான். இந்தக் கேலிக்கு இன்னும் வயதாகவில்லை.

சித்ராலயா கோபுவின் 'காசேதான் கடவுளடா' நாடகமும் அவர் இயக்கத்திலேயே 1972இல் ஏவி.எம். படமாயிற்று. காதல் பாட்டு வந்து கதையின் ஓட்டத்தை நிறுத்துகிறது என்பேன். இருந்தும், சாமியார் வேடமிட்ட பின்னரும் சென்னைத் தமிழை விடாத தேங்காய் சீனிவாசனை வேறெங்கே காண்பது? கிரேசி மோகனின் 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை கே. பாலசந்தர் 1983இல் 'பொய்க்கால் குதிரை' ஆக்கியதும் இவ்வகையே.

கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரனாகிய எனக்குச் சென்னைச் சபா எட்டாத தூரம். படமானதால்தான் துக்ளக் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தான்.

மலையடிவாரத்து ஊர்களில் ஆடும் தெருக்கூத்தை எண்ணும்போதுதான் கவலை பிறக்கிறது. கட்டியங்காரன் பாரதக் கதைக்கு நடுவே அந்தந்த ஊர்ச் சங்கதியை இழுத்துவிட்டு, கூட்டம் சிரித்து அடங்கும்வரை நிற்பான். அடுத்த ஊரில் வேறு சொல்வான். எழுதிவைத்த வசனமன்று, படமாக்கவும் எவரும் வரவில்லை. விடிந்தால் அந்தச் சிரிப்பு அந்த ஊரோடு போயிற்று. இன்று கைப்பேசியில் பிடித்தாற்கூட, அவன் பேச்சோடு கூட்டத்தின் சிரிப்பொலியும், அவன் காத்துநிற்கும் நேரமும் சேர்ந்தே பதியும். மேற்சொன்ன படங்கள் எதிலும் பதியாமற்போனது அதுதான்.