வி.பி.என். போட்டதும் கணக்கு ஃபோல்டர் காணாமற் போவது ஏன்?

மொத்தக் கடைகளில் டாலி கணக்கு ஒரு மெயின் கம்ப்யூட்டரில் இருக்கும். பில் போடும் மற்ற கம்ப்யூட்டர்கள் ரவுட்டர் வழியாக அதைத் திறக்கும். சரக்கு தரும் கம்பெனியின் சாஃப்ட்வேருக்காக வி.பி.என். இணைத்த மறுநிமிடம் அந்த ஃபோல்டர் திறக்க மறுப்பதாக உறுப்பினர்கள் பலர் கூறுகின்றனர். ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கலுக்குக் கடைசி நாளான 20-ம் தேதி இப்படி நின்றால் கை ஒடிந்தது போலத்தான். கணக்கு எங்கும் போய்விடவில்லை. அதற்குப் போகும் வழிதான் மாறியிருக்கிறது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடலாம் என்பவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.

வி.பி.என். இணைப்பில் இருக்கும்போதே, மெயின் கம்ப்யூட்டரின் பெயருக்குப் பதில் அதன் ஐ.பி. எண்ணைக் கொடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால், பெயர்தான் தகராறு: கம்பெனியின் டி.என்.எஸ்.ஸுக்கு நம் கடைக் கம்ப்யூட்டரின் பெயர் தெரியாது. அந்த எண்ணை மாறாதபடி ரவுட்டரில் நிலைப்படுத்தி, எண்ணாலேயே திறக்கலாம். பாஸ்வேர்டு கேட்டு மறுத்தால், விண்டோஸ் வி.பி.என். பயனர் பெயரையே இங்கும் நீட்டுகிறது என்று சந்தேகிக்கலாம். மெயின் கம்ப்யூட்டரின் பயனர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எண்ணுக்கும் அசையாவிட்டால், உள் வலையையே அந்த வி.பி.என். அடைத்திருக்கக்கூடும். அதைத் திறந்துவிடுவது கம்பெனியார் கையில் இருக்கிறது, நம் கையில் இல்லை.

வீட்டிலிருந்து கடைக்கு வி.பி.என். போடுவோருக்கு வேறு தொல்லை. இரண்டு ரவுட்டர்களும் 192.168.1 என்றே தொடங்கினால், லேப்டாப் கடைக் கம்ப்யூட்டரை வீட்டுக்குள்ளேயே தேடும். ஒரே கதவு எண் இரண்டு தெருவில் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? வீட்டு ரவுட்டரை 192.168.57 என மாற்றுவது சுலபம். பல ஊழியர்கள் பல வீடுகளிலிருந்து இணைவதானால் கடையில்தான் மாற்ற வேண்டும். நிலையான எண் கொடுத்த பிரிண்டர், பில் மிஷின் எல்லாவற்றிலும் எண்ணைத் திருத்த வேண்டியிருக்கும், ஆகவே விடுமுறை நாளில் செய்யுங்கள். வழி சரியான பிறகும் டாலியை வி.பி.என். வழியே நேராகத் திறந்து பதிவு போடுவது எனக்கு உடன்பாடில்லை. நடுவில் லைன் அறுந்தால் டேட்டா கெடலாம். ரிமோட் டெஸ்க்டாப் மூலம் மெயின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்ததுபோல் வேலை செய்வது மேல்.

வி.பி.என். தொல்லையே வேண்டாமென்று சிலர் ரவுட்டரில் 445-ம் போர்ட்டை வெளியே திறந்துவிடுகிறார்கள். 2017 மே மாதம் வானாக்ரை பல நாடுகளில் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது இந்த வழியில் புகுந்துதான். உங்கள் ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' பக்கத்தில் 445 இருந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள்.